காலண்டரில் முளைத்த ஜெர்மனிக் கிளை

வரி ஆலோசகன் வேலை என்பது வேறொன்றுமில்லை, வைக்கோற்போர் எரிந்து முடிந்த பிறகு வந்து நின்று, "தீப்பெட்டி யாருதுங்க?" என்று மரியாதையாகக் கேட்கிற வேலை. கோவையில் இருந்துகொண்டு நாற்பது வருடத்துக்கு மேல் இப்படிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இனி வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. கோனியம்மன் மேல் சத்தியம். காரமடை ரங்கநாதர் மேல் சத்தியம். அதுவும் போதாதென்றால் பைபாஸ் செய்த என் நெஞ்சின் மேல் கை வைத்துச் சொல்கிறேன். நான் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவன் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது மேட்டுப்பாளையம் ரோட்டில் யானை எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றது என்று சொன்னதால் வந்தது. யானை விஷயம் வேறு, வரி விஷயம் வேறு. ஆட்களின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

கணக்காளர்களே, ஹெச்.ஆர். பிரிவில் மாட்டிக்கொண்டவர்களே, "சார், இனிமே நான் அங்கிருந்தே வேலை பாக்கறேனுங்க" என்று ஒருவர் வந்து நின்றதும் வரிச் சட்டப் புத்தகத்தைத் தேடி ஓடுகிற அத்தனை பேருமே, இது உங்களுக்காகத்தான்.

ஆறு மாதம் என்றொரு மந்திரம்

கணபதி பக்கம் ஒரு பம்பு கம்பெனி. முதலாளி ரங்கராஜ் அறுபதைத் தொட்டவர். அவருடைய அப்பா பருத்திக் காட்டை விற்று ஒரு லேத்து வாங்கிப் போட்டுத் தொடங்கிய கம்பெனி அது. அங்கே டிசைன் பிரிவில் செல்வி என்று ஒரு பெண், காங்கேயத்துக்காரி. அவளுடைய அப்பா அடுத்தவர் தென்னந்தோப்பில் தண்ணீர் கட்டியவர். மகள் அந்தத் தண்ணீரை மேலே ஏற்றுகிற பம்புக்குப் படம் வரைகிறவள். அந்தக் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள். கல்யாணமாகி, கணவனுக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்ததும் ராஜினாமாக் கடிதத்தோடு வந்து நின்றிருக்கிறாள். ரங்கராஜ் அதைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, "லேப்டாப்பத் தூக்கிக்கிட்டுப் போ அம்மணி, அங்கிருந்தே படம் போடு" என்று அனுப்பிவிட்டார். அவள் விமானம் ஏறிப் பத்து நாள் கழித்து எனக்குப் போன் செய்தார். எப்போதும் பத்து நாள் கழித்துத்தான் நமக்குப் போன் வரும், உங்களுக்குத் தெரியாததா?

வெளிநாட்டில் ஆறு மாதம், அதாவது நூற்றெண்பத்து மூன்று நாளுக்குள் இருந்தால் அங்கே வரியே கிடையாது என்று எதிலோ படித்து வைத்திருந்தார். "அது போய்விட்டுத் திரும்பி வருகிறவர்களுக்குச் சொன்னதுங்க. இந்தப் பெண் அங்கே குடித்தனமே போட்டுவிட்டாள். அவள் சம்பளத்துக்கு வரி அங்கேதான். ஆனால் அதுகூடப் பெரிதில்லை. உங்கள் கம்பெனிக்கே அங்கே ஒரு தொழிலிடம், அதாவது கிளை மாதிரி ஒன்று, இருக்கிறது என்று அந்த ஊர்க்காரர்கள் முடிவு கட்டிவிட்டால், கம்பெனி லாபத்தில் ஒரு பங்குக்கு வரி கேட்பார்கள்" என்றேன். ரங்கராஜ் போனிலேயே சத்தமாக மாதங்களை எண்ணினார். கடைசியில் கேட்டார்:

"ஏனுங்க ஆடிட்டரய்யா, நடுவுல ஒருக்கா காரமடைத் தேருக்கு வந்து சாமி கும்புட்டுப் போட்டுப் போனா, நாள் கணக்கு மறுபடியும் ஒன்னுல இருந்து ஆரம்பிக்குமுங்களா?"

சோறுண்ணுகிற மேசை

ரங்கராஜ் கெட்டவர் இல்லை. நல்லவர் என்பதுதான் பிரச்சினையே. செல்விக்கு முதுகு வலிக்கக் கூடாதென்று கோவையிலிருந்து ஒரு தேக்கு மேசையும் நாற்காலியும் கப்பலில் அனுப்பப் போவதாகச் சொன்னார். வீட்டு வாடகையில் பாதியைக் கம்பெனி கொடுக்கும் என்றார். வாசலுக்கு இரண்டு சாவியோடு ஒரு பூட்டு வாங்கி, அதில் ஒரு சாவியைக் கம்பெனியில் வைத்துக்கொண்டால் பத்திரம் என்றார். மூன்றுக்கும் நான் வேண்டாம் என்றேன். மேசை, வாடகை, சாவி, இந்த மூன்றும் கம்பெனியுடையது என்றால் அந்த அறையும் கம்பெனியுடையது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

செல்வியிடமும் வீடியோவில் பேசி, எங்கே உட்கார்ந்து வேலை பார்க்கிறாள் என்று விசாரித்தேன். திரையைத் திருப்பிக் காட்டினாள். ஒரு ஓரத்தில் லேப்டாப், மறு ஓரத்தில் ஊறுகாய் பாட்டில், நடுவில் அவள் கணவன் தட்டில் கையை வைத்தபடி என்னைப் பார்த்து வணக்கம் சொன்னான். "ரொம்ப நல்லது, இந்த மேசையை மாற்றிவிடாதே" என்றேன். அவள் சிரித்தாள்.

"மாத்தமாட்டேனுங்கய்யா. இதக் கம்பெனி மேசைன்னு சொல்லிப்போட்டா, அப்பறம் நாங்க எங்கீங்க உக்காந்து சோறுண்ணறது?"

விலை பேசாத வாய்

செல்வி இருந்த ஊரிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்தில் ஒரு வாடிக்கையாளர் இருந்தார். பண்ணைகளுக்குப் பம்பு வாங்கி விற்கிறவர். அதைக் கேள்விப்பட்டதும் ரங்கராஜுக்குக் கை பரபரத்தது. "பக்கத்துலதான இருக்கற அம்மணி, ஒரு எட்டுப் போயி ரேட்டு பேசி முடிச்சு, கையெழுத்தும் வாங்கிப்போடு" என்று சொல்லியிருக்கிறார். நல்லவேளை, அவள் என்னைக் கேட்டாள். அங்கே உட்கார்ந்துகொண்டு கம்பெனி சார்பில் ஒப்பந்தம் முடிக்கிற பழக்கம் வந்துவிட்டால், மேசை யாருடையது என்றுகூடப் பார்க்க மாட்டார்கள். ஆளையே கிளையாக எண்ணிவிடுவார்கள். "படத்தை விளக்கு. விலை கேட்டால் கோயமுத்தூரில் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல். சொன்னதை மெயிலிலும் எழுது" என்றேன்.

அப்படியே செய்திருக்கிறாள். விலை கேட்டார், கோயமுத்தூரில் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். தள்ளுபடி கேட்டார், கோயமுத்தூர் என்றாள். குடிக்கக் காப்பி வேண்டுமா என்று கேட்டதற்கும் வாய் தவறிக் கோயமுத்தூரில் கேட்டுச் சொல்கிறேன் என்று சொன்னதாகக் கேள்வி. அதற்கு நான் பொறுப்பில்லை. கடைசியில் அந்த மனிதர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னதை, செல்வி நம்மூர்ப் பேச்சில் எனக்குச் சொன்னாள்:

"நானும் வந்ததுல இருந்து கேக்கறேன், எல்லாத்துக்கும் கோயமுத்தூர்ங்கறீங்க. அந்தக் கோயமுத்தூர ஒருக்கா இங்க கூட்டிக்கிட்டு வாங்க, நான் நேர்லயே பேசிக்கறேன்."

பூசணிக்காயும் போலீஸ் காரும்

இப்படி எல்லா வழியையும் அடைத்துவிட்டு நான் நிம்மதியாக இருந்தபோது ஆயுத பூஜை வந்தது. ரங்கராஜ் கம்பெனியில் அப்பா காலத்து வழக்கம் ஒன்று உண்டு. கம்பெனி வேலை எந்த இடத்தில் நடந்தாலும் அந்த இடத்து வாசலில் பெயர்ப்பலகை இருக்க வேண்டும். பலகைக்கும் இயந்திரத்துக்கும் சந்தனம் குங்குமம் வைக்க வேண்டும். படம் எடுத்து அனுப்ப வேண்டும். காங்கேயத்தில் இருக்கிற சின்ன குடோனுக்குக்கூட விலக்கு இல்லை. மேசைக்கும் வாடகைக்கும் சாவிக்கும் என்னைக் கேட்டவர், இதற்கு மட்டும் கேட்கவில்லை. சாமி காரியத்துக்கு யார் ஆடிட்டரைக் கேட்கிறார்கள்? கைமுழம் நீளத்தில் ஒரு பித்தளைப் பலகை கூரியரில் போய்ச் சேர்ந்தது. செல்வியும் அதை வீட்டுக் கதவில் மாட்டி, லேப்டாப்புக்குப் பொட்டு வைத்து, பொரி கடலை படைத்திருக்கிறாள். சாம்பிராணி போட்டால் கூரையில் இருக்கிற அலாரம் கத்தும் என்று கணவன் பயந்ததால் ஊதுபத்தியோடு நிறுத்திக்கொண்டாள்.

பூசணிக்காயை நிறுத்தவில்லை. அந்த மாதம் அங்கே கடைகளில் பூசணிக்காய்தான் குவிந்து கிடக்குமாம். ஒன்றை வாங்கி, உள்ளே குங்குமத்தைக் கரைத்து ஊற்றி, கட்டிட வாசலில் திருஷ்டி சுற்றி உடைத்தாள். செல்வி குடியிருந்த இரண்டாம் மாடிக்குக் கீழே, முதல் மாடியில் இருந்த அம்மையார் ஜன்னலில் இருந்து பார்த்தார். சிவப்பாக எதுவோ வழிகிறது. போலீஸ் வந்துவிட்டது. செல்வி இரண்டு போலீஸ்காரர்களுக்கும் நிதானமாக விளக்கிச் சொல்லி, பொரி கடலை கொடுத்து, வாகனத்துக்கும் இன்றைக்குப் பூஜை உண்டு என்று சொல்லிப் போலீஸ் காருக்கு நாலு பக்கமும் சந்தனம் குங்குமம் வைத்து அனுப்பினாள். நம்பாதவர்கள் மேலே நான் போட்ட மூன்று சத்தியங்களையும் இன்னொரு முறை படித்துவிட்டு வரலாம். போகும்போது அந்தப் போலீஸ்காரர்களில் மூத்தவர் சொன்னாராம்:

"கண்ணு பட்டதுக்கா இத்தன பெரிய காய ஒடைச்சீங்க? அடுத்த தடவ யாரு கண்ணுன்னு சொல்லுங்க, நாங்களே போயிப் பேசிக்கறோம்."

மூன்றாவது ஊர்

பலகையின் படம் ரங்கராஜுக்கு வந்தது. அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப் போனார். அந்தப் பூரிப்பு அடங்குவதற்குள் புதுவருடக் காலண்டர் அச்சுக்குப் போகிற நேரம் வந்துவிட்டது. நம் ஊரில் கம்பெனி என்று ஒன்று இருந்தால் தினசரி காலண்டர் அடித்துக் கொடுக்காமல் முடியாது. மேலே முருகன், நடுவில் தினமும் கிழிக்கிற தேதித் தாள்கள், கீழே பம்புப் படத்தோடு கம்பெனி பெயர், அதற்கும் கீழே தமிழிலும் இங்கிலீஷிலும் கிளைகள். இத்தனை வருடமும் "கோவை, காங்கேயம்" என்றுதான் இருந்தது. அந்த வருடம் "கோவை, காங்கேயம், ஜெர்மனி" என்று வந்தது. எப்படி வந்தது என்று அப்போது யாரும் கேட்கவில்லை. யாரோ ஒருவர் போடலாம் என்று சொன்னாராம். இருக்கட்டும், அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

காலண்டரில் இருபதைக் கட்டி ரங்கராஜ் செல்விக்கு அனுப்பினார். "வாடிக்கையாளருக்கு மட்டுமில்ல அம்மணி, பக்கத்து ஊட்டுக்காரங்களுக்கும் குடு. நம்ம மரியாதைய நாம உட்டுறக் கூடாது" என்று உத்தரவு. அவளும் அந்தக் கட்டிடத்தில் ஒரு கதவு விடாமல் தட்டி, ஆளுக்கொரு முருகனைக் கொடுத்துவிட்டு வந்தாள். பூசணிக்காய் பார்த்துப் பயந்த முதல் மாடி அம்மையாருக்கும் ஒன்று. எனக்கு இது தெரிந்தது தை மாதம். கம்பெனிக்குப் போனபோது சுவரில் பார்த்தேன். "என்னங்க இது?" என்று கேட்டேன், என் குரல் எனக்கே கொஞ்சம் நடிப்பாகத்தான் பட்டது. ரங்கராஜ் மீசையைத் தடவிக்கொண்டார்.

"இந்த ஒத்தை வரிக்கு எத்தன போனுங்க! என்ற மச்சானுக்கு இதப் பாத்ததுல இருந்து சோறே எறங்கலீங்களாமா."

இரண்டாம் மாடியில் என்ன விற்கிறார்கள்?

முதல் மாடி அம்மையார் கெட்ட எண்ணத்தோடு எதுவும் செய்யவில்லை. காலண்டரில் பம்புப் படம், கதவில் பலகை, இரண்டையும் பார்த்து அவருக்கு ஒரே ஒரு சந்தேகம். இரண்டாம் மாடியில் இரும்புப் பம்புகளை அடுக்கி வைத்து விற்கிறார்களா, அந்தப் பாரத்தைத் தன் வீட்டுக் கூரை தாங்குமா என்று நகராட்சிக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். சாட்சிக்கு முருகனையும் சுருட்டி வைத்து அனுப்பினார். நகராட்சி பார்த்துவிட்டு, இந்த விலாசத்தில் எந்தத் தொழிலும் பதிவாகவில்லையே என்று வரி அலுவலகத்துக்கு எழுதியது. வரி அலுவலகம் செல்விக்கு எழுதியது. அவளைக் கம்பெனியின் கிளை மேலாளர் என்று குறிப்பிட்டு, கிளை எப்போது திறக்கப்பட்டது, லாபம் எவ்வளவு என்று பட்டியல் போட்டுக் கேள்விகள்.

ரங்கராஜ் அந்தக் கடிதத்தோடு என் வீட்டுக்கே வந்துவிட்டார். வந்தவர் காப்பி குடிக்கவில்லை. "அம்மணிய நிறுத்தறதுன்னா என்ற கைய வெட்டிப் போட்டாப்பலங்க. நிறுத்தலீன்னா கம்பெனிய வித்து அந்தூர்ல கட்டோணுமாட்ட இருக்குது" என்றார். ஒரு வாரம் பார்ப்பது, வழி தெரியாவிட்டால் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டு, கிளையை மூடிவிட்டோம் என்று எழுதிக் கொடுப்பது என்று அவருக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவர் போன பிறகு செல்வியிடம் வீடியோவில் விஷயத்தைச் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அந்தச் சோறுண்ணுகிற மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"கிளைய மூடறதுன்னா மூடிக்கட்டுமுங்கய்யா. ஆனா அத நான் தொறக்கவே இல்லீங்களே. மூடறதுக்கு மட்டும் ஏனுங்க என்னயக் கூப்புடறீங்க?"

பென்சில்

அந்த நாட்டு வரி ஆலோசகர் ஒருவரைப் பிடித்தோம். கண்ணாடி போட்ட அம்மையார், சிரிக்காதவர். ஒரு மத்தியானம் ரங்கராஜின் அறையில் உட்கார்ந்து வீடியோவில் பேசினோம். செல்வியும் திரையில் சேர்ந்துகொண்டாள். அம்மையார் ஒவ்வொன்றாகக் கேட்டார். வாடகை ஒப்பந்தம் கணவன் பெயரில், கம்பெனி ஒரு காசு கொடுத்ததில்லை: நல்லது. மேசையும் அவர்களுடையது: நல்லது. வாடிக்கையாளருக்கு எழுதிய மெயில் அத்தனையிலும் "கோயமுத்தூரில் கேட்டுச் சொல்கிறேன்": மிகவும் நல்லது. பலகை? பூஜைக்கு அனுப்பியது என்றார் ரங்கராஜ். அந்த அம்மையார் அதைக் குறித்துக்கொண்டார். கடைசியில் காலண்டரைக் கேமராவுக்கு முன்னால் தூக்கிப் பிடித்தார். கிளை திறக்கக் கம்பெனி தீர்மானம் போட்டதா? இல்லை. அப்படியானால் இந்த ஒரு சொல்லை அச்சிட முடிவெடுத்தது யார்? முடிவெடுத்தவர் கையெழுத்தோடு உண்மை வேண்டும், இல்லாவிட்டால் இதுவே கம்பெனியின் வாக்குமூலம் ஆகிவிடும் என்றார்.

"அது அச்சாபீஸ்ல ஏதோ..." என்று இழுத்தார் ரங்கராஜ். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. அப்போதுதான் அவருக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. ஒவ்வொரு வருடமும் காலண்டர் அச்சுப்பிரதி என்னிடம் வரும், ஜி.எஸ்.டி. எண் சரியா என்று பார்க்க. எண் சரியாகத்தான் இருந்தது. கையில் பென்சில் இருந்தது. "காங்கேயம்" என்பதற்குப் பக்கத்தில் கொஞ்சம் வெற்றிடம் இருந்தது. "போட்டுக்குங்க, கௌரவமா இருக்கும்" என்று சொல்லி "ஜெர்மனி" என்று எழுதியது இந்தக் கை. ஏன் என்று கேட்காதீர்கள். ஒரு சொல்லைக் கூட்டிப் போடாவிட்டால் எனக்கு எதுவுமே முடிந்த மாதிரித் தோன்றாது. திரையில் செல்வி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பேசாமல் இருந்தால் அவள் நாற்காலி போகும். பேசினால் என் மானம் போகும், அது ஏற்கெனவே யானை விஷயத்தில் பாதி போனதுதான். "அச்சாபீஸ் இல்லைங்க, நான்" என்றேன்.

என் லெட்டர்பேடில், என் கையெழுத்தோடு, முத்திரை குத்தி எழுதிக் கொடுத்தேன்: கிளை எதுவும் கிடையாது, பெருமைக்காக ஒரு சொல்லை எழுதச் சொன்னது நான், கம்பெனி தீர்மானம் எதுவும் இல்லை. வாழ்க்கையில் ஒரு சொல்கூடக் கூட்டாமல் நான் எழுதிய ஒரே காகிதம் அதுதான். சில வாரம் கழித்து அந்த ஊர் வரி அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. கம்பெனிக்கு அங்கே தொழிலிடம் இல்லை. செல்வி தன் சம்பளத்துக்கு வரி கட்ட வேண்டும். நம்மூர் பி.எஃப். மாதிரி அங்கே பிடிக்கிற சமூகப் பாதுகாப்புத் தொகைக்குக் கம்பெனி அங்கே பதிவு செய்துகொள்ள வேண்டும். அவள் வேலையின் தன்மை மாறினால் தெரிவிக்க வேண்டும். வேலை தப்பியது. பலகை கதவிலிருந்து இறங்கி, இப்போது இட்லி மாவுப் பாத்திரத்துக்கு மூடியாக இருக்கிறது. பதிலை அனுப்பிவைத்த கண்ணாடி அம்மையார் அடியில் ஒரு வரி எழுதியிருந்தார். செல்வி படித்துச் சொன்னாள்:

"இத்தன வருசம் இந்த வேலை பாத்துட்டேன், தப்பு என்னோடதுதான்னு ஒரு வரி ஆலோசகர் கையெழுத்துப் போட்டு இன்னைக்குத்தான் பாக்கறேன், நகல் ஒன்னு நான் வெச்சுக்கட்டுமா?"

இந்த வருட அச்சுப்பிரதி

போன வாரம் இந்த வருடத்துக் காலண்டர் வேலை தொடங்கிவிட்டது. ரங்கராஜே நேரில் அச்சுப்பிரதியைக் கொண்டுவந்தார். மேசை மேல் வைத்தவர், என் பேனா ஸ்டாண்டைத் தூக்கி அலமாரிக்கு மேலே, எனக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். "கோவை, காங்கேயம்" என்று மட்டும் இருந்தது. பக்கத்தில் வெற்றிடம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. பார்க்கப் பார்க்க எனக்கு விரல் அரித்தது. போன மாதம் செல்வியின் தங்கை சிங்கப்பூரில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போயிருக்கிறாள் என்று பேச்சை மெல்ல ஆரம்பித்தேன். ரங்கராஜ் காதிலேயே வாங்கவில்லை.

"ஜி.எஸ்.டி. நம்பர வாயிலயே சொல்லிப்போடுங்கய்யா, அது போதும். பென்சில மட்டும் தொட்டுறாதீங்க."

ஆகையால், என்னோடு சேர்ந்து அவதிப்படுகிறவர்களே, வெளிநாட்டில் சோறுண்ணுகிற மேசையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவரால் கம்பெனிக்கு வருகிற ஆபத்தைவிட உள்ளூரில் பென்சிலோடு உட்கார்ந்திருக்கிறவனால் வருவதே பெரிது. ஆனால் இதைச் சொன்னது யார் என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், அடுத்த மாதம் ஆடிட்டர்கள் கூட்டத்தில் இதே கதையை "யாரோ ஒரு கிறுக்கு ஆடிட்டர்" செய்ததாகச் சொல்லித்தான் நான் பேசப்போகிறேன்.